தலை தேய்ந்த திருகாணியும் நூறு வருஷத்து வியாபாரமும்

ஸ்க்ரூவைப் பற்றி எழுத ஒரு பேங்க்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பி.காம். படித்தவன், பாலன்ஸ் ஷீட்டைத் தவிர வேறெதையும் பிரித்துப் பார்க்காதவன் என்றுதான் வீட்டில் எனக்குப் பேர். ஆனால் இந்த ஸ்க்ரூ விவகாரத்தைக் கிளறக் கிளற, அதில் பாதிதான் இன்ஜினியரிங், மீதி பாதி வியாபாரம் என்று தெரிந்தது. காப்புரிமை, லைசென்ஸ், ராயல்டி... இதெல்லாம் நம்ம ஏரியா ஆச்சே :-)

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நைட்ரோ கார் என்று ஒன்று இருக்கிறது. ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்தான். ஆனால் சக்கரத்தைச் சுற்றுவது மின் மோட்டார் இல்லை, நிஜமான இன்ஜின். 2 சிசியிலிருந்து 3.5 சிசி வரை, உள்ளங்கையில் அடங்கிவிடும். பெட்ரோல் கிடையாது, மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். இந்த இன்ஜினை மூடியிருக்கும் 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஒன்று தலை தேய்ந்துபோனால், இன்ஜினையே தூக்கிப் போட வேண்டியதுதான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வேண்டாம். அந்த ஸ்க்ரூ ஏன் தேய்கிறது, எப்படி வெளியே எடுப்பது என்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் நீளும் ஒரு கதை இருக்கிறது.

ஒரு வார்த்தை விளக்கம். நம் ஊர்ப் பட்டறையில் "மரை போச்சு" என்றால் ஸ்க்ரூவின் உடம்பில் சுற்றிச் சுற்றி ஓடும் வரி அழிந்துவிட்டது என்று அர்த்தம். "தலை தேஞ்சு போச்சு" என்றால் திருப்புளி உட்காரும் பள்ளம் அழிந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு நோய், வைத்தியமும் வேறு. இங்கே பேசப்போவது தலை தேய்ந்த கதை. (திருப்புளி என்ற சொல்லே வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. என் மகனுக்கு அது "பேச்கஸ்". திருகாணி என்றால் பாட்டியின் தோட்டில் இருப்பது மட்டும்தான்.)

பிளவுத் தலை

ஐரோப்பாவில் 15-ம் நூற்றாண்டிலேயே போர்க் கவசங்களிலும் துப்பாக்கிகளிலும் உலோக ஸ்க்ரூ வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொன்றையும் கையால் அரம் போட்டுச் செய்ய வேண்டும். விலை அதிகம். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. இங்கிலாந்தில் ஜாப் வயட், வில்லியம் வயட் என்ற சகோதரர்கள் 1760-ல் ஸ்க்ரூ செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1800-ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லி தன் மரை வெட்டும் லேத்தைக் கொண்டுவந்தார். 1841-ல் ஜோசப் விட்வொர்த், "ஆளுக்கு ஆள் ஒரு மரை வேண்டாம், நாடு முழுக்க ஒரே மரை" என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு கணக்குப் போட்டார். விட்வொர்த்தின் மரைக்கு 55 டிகிரி, செல்லர்ஸுக்கு 60 டிகிரி. ஒன்றில் மற்றது ஏறாது.

மரைக்கு இவ்வளவு யோசித்தவர்கள் தலையைப் பற்றி யோசிக்கவே இல்லை. ரம்பத்தால் ஒரு கீறல், அவ்வளவுதான். செய்வது சுலபம், செலவு குறைவு. ஆனால் திருப்புளி பக்கவாட்டில் வழுக்கிவிடும்.

இந்தச் சின்னப் பொருளில் எவ்வளவு பணம் இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம். 1854-ல் பர்மிங்ஹாமில் நெட்டில்ஃபோல்ட் என்பவர் அமெரிக்க ஸ்க்ரூ இயந்திரத்துக்கு லைசென்ஸ் வாங்கினார். முதலீடு போதாமல் மைத்துனரைக் கூட்டுச் சேர்த்தார். மைத்துனர் தன் பங்கைப் பார்த்துக்கொள்ள 18 வயது மகனை அனுப்பினார். அந்தப் பையன்தான் ஜோசப் சேம்பர்லின். இருபது வருஷம் ஸ்க்ரூ விற்றுச் சம்பாதித்துவிட்டு அரசியலுக்குப் போய், 1895 முதல் 1903 வரை பிரிட்டனின் காலனி அமைச்சராக இருந்தார். அவர் மகன் நெவில் சேம்பர்லின் 1937-ல் பிரதமரானார். அந்தக் கம்பெனி பிறகு ஜி.கே.என். என்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்தது. அதன் இந்தியக் கிளையாக இருந்ததுதான் ஹௌராவின் கெஸ்ட் கீன் வில்லியம்ஸ். ஹார்டுவேர் கடையில் "ஜி.கே.டபிள்யூ. ஸ்க்ரூ கொடுப்பா" என்று அப்பா கேட்டது நினைவிருக்கிறவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள்.

நல்ல சரக்கு, விற்கத் தெரியாத முதலாளி

கனடாவின் பீட்டர் ராபர்ட்சன் ஊர் ஊராகப் போய்க் கருவி விற்றவர். கடைவீதியில் செய்து காட்டும்போது திருப்புளி வழுக்கிக் கையைக் கிழித்துவிட்டது, அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். அவர் ஸ்க்ரூவின் தலையில் சதுரமாக ஒரு பள்ளம் வைத்தார். 1908-ல் ஒன்டாரியோவின் மில்டன் நகரில் தொழிற்சாலை, 1909-ல் காப்புரிமை. சதுரப் பள்ளத்தில் திருப்புளி கச்சிதமாக உட்காரும். வழுக்காது. ஒரு கையாலேயே ஸ்க்ரூவைத் தாங்கித் திருகலாம்.

கனடாவில் ஃபோர்டு மாடல் டி காருக்கு இந்த ஸ்க்ரூ போனது. ஒரு காருக்கு சுமார் 2 மணி நேரம் மிச்சமாயிற்று என்று எழுதுகிறார்கள். ஃபோர்டு சும்மா இருப்பாரா? தயாரிக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டார். ராபர்ட்சன் ஏற்கெனவே இங்கிலாந்தில் லைசென்ஸ் விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர். மாட்டேன் என்றுவிட்டார். ஒரே ஒரு ஆளிடமிருந்துதான் சரக்கு வரும் என்றால் எந்தத் தொழிற்சாலை தன்னை அதில் கட்டிப்போட்டுக்கொள்ளும்? ஃபோர்டு அதைக் கனடாவோடு நிறுத்திக்கொண்டார். கனடாவில் இன்றும் ராபர்ட்சன் ஸ்க்ரூ சக்கைப்போடு போடுகிறது. வெளியே அதைப் பார்ப்பது அரிது.

எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஹென்றி பிலிப்ஸ். கூட்டல் குறி போலப் பள்ளம் வைத்த ஸ்க்ரூவை முதலில் யோசித்தவர் ஜான் தாம்சன் என்ற இன்னொருவர். பிலிப்ஸ் அந்த உரிமையை வாங்கி, மெருகேற்றி, 1936-ல் காப்புரிமை பெற்றார். தொழிற்சாலை கட்டினாரா? இல்லை. அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்தார். அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் காரில் ஏறியது. சில வருஷத்துக்குள் அமெரிக்கக் கார் கம்பெனிகளில் பெரும்பாலானவை அதற்கு மாறிவிட்டன. கேட்டவனுக்கெல்லாம் உரிமம், தனக்கு ராயல்டி.

கடன் மனுக்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், ராபர்ட்சனின் சரக்கு உயர்ந்தது, பிலிப்ஸின் ஒப்பந்தம் உயர்ந்தது. ஜெயித்தது ஒப்பந்தம். ராபர்ட்சனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. தன் ஊரில் தொழிற்சாலை நடத்தி, ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுத்து, கடைசிவரை யாருக்கும் கட்டுப்படாமல் இருந்தார். ஆனால் அந்த "மாட்டேன்" என்ற ஒரு வார்த்தையின் விலையை உலகம் முழுக்கத் திருப்புளி பிடிக்கிறவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் என்றால், பிலிப்ஸ் பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. அசெம்பிளி லைனில் திருப்புளி தானாகவே நடுவில் போய் உட்காரும், அது அதன் பலம். அழுத்தித் திருகினால் அதே சரிவில் ஏறி வெளியே வந்துவிடும், அது அதன் பலவீனம். ஒவ்வொரு முறை ஏறி வரும்போதும் கொஞ்சம் உலோகத்தைச் சீவிக்கொண்டு வரும். ஸ்க்ரூ அளவுக்கு மேல் இறுகக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. 1936-ன் மூலக் காப்புரிமைகளில் அப்படி எதுவும் இல்லை. 1949-ல் வந்த திருத்திய வடிவத்தின் காப்புரிமையில்தான் அந்தப் பேச்சு வருகிறது.

இதில் ஜப்பான் ஒரு முடிச்சு போட்டது. ஜப்பானியத் தரக் குறியீடான ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூவும் பார்ப்பதற்கு பிலிப்ஸ் போலவே இருக்கும். ஆனால் பள்ளத்தின் அமைப்பு கொஞ்சம் வேறு. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுசாக இறங்காது. விளிம்பை மட்டும் கவ்வித் தேய்க்கும். தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஜப்பானிய மாடல் இன்ஜின்களில் தேய்ந்த ஸ்க்ரூக்கள் அதிகம் கிடைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். திருகியவன் கை மோசமில்லை, திருப்புளி வேறு ஜாதி.

உயிர் காக்க வந்த ஆலன்

இன்றைய நைட்ரோ இன்ஜின்களில் பெரும்பாலும் இருப்பது ஆறு பக்கப் பள்ளம். நம் மெக்கானிக்குகளின் "ஆலன் போல்ட்", "எல் கீ". இதன் பிறப்பு கொஞ்சம் கனமான விஷயம்.

அந்தக் காலத் தொழிற்சாலைகளில் கூரையை ஒட்டி நீளமான தண்டு ஒன்று சுழலும். அதில் புல்லிகளைப் பூட்டியிருக்கும் ஸ்க்ரூவின் தலை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் போகிற தொழிலாளியின் சட்டைக் கையை அது பிடித்துவிட்டால் ஆளையே சுருட்டிவிடும். கை போனவர்கள், உயிரே போனவர்கள் உண்டு. தலை வெளியே நீட்டாத ஸ்க்ரூ வேண்டும் என்ற தேவை அங்கிருந்து வந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஆலன், ஆறு பக்கப் பள்ளத்தைக் குளிர்ந்த இரும்பிலேயே அச்சடித்து இறக்கும் முறைக்கு 1910-ல் காப்புரிமை பெற்றார். "பாதுகாப்பு ஸ்க்ரூ" என்றுதான் அதை விற்றார்கள்.

நம்மவர்கள் இதில் பின்தங்கவில்லை. சென்னை பாடியில் 1966-ல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸ் போல்ட்டை இங்கே புனேயிலும் "டி.வி.எஸ். போல்ட்" என்றே கேட்டு வாங்குகிறார்கள். கவுண்டரில் அந்த வார்த்தை காதில் விழும்போது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம்.

ஆலன் பள்ளம் பிலிப்ஸ் போல வெளியே தள்ளாது. அதற்கு ஒரே எதிரி, தவறான சாவி. 3 மில்லிமீட்டர் ஆலன் போல்ட்டின் பள்ளம் 2.5 மில்லிமீட்டர். அமெரிக்க அங்குலக் கணக்கில் 3/32 சாவி 2.38 மில்லிமீட்டர். உள்ளே போகும், பிடிப்பது போலவும் இருக்கும், திருகினால் ஆறு மூலையையும் வட்டமாக்கிவிடும். விட்வொர்த்துக்கும் செல்லர்ஸுக்கும் இருந்த அதே சண்டை, அங்குலமும் மில்லிமீட்டருமாக நம் மேஜை டிராயருக்குள் தொடர்கிறது.

விளக்கெண்ணெயின் பங்கு

இத்தனைக்கும் மேலே இந்த இன்ஜினுக்கே உரிய மூன்று காரணங்கள். 1947-ல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச் சுருள், மெத்தனாலோடு சேர்ந்து தானே கனன்றுகொண்டிருக்கும். காயில், ஸ்பார்க் எதுவும் தேவையில்லை. குட்டி இன்ஜின்கள் பெருகியது அதன் பிறகுதான். அவற்றுக்கு உயவு எண்ணெயாகப் போனது நம்ம விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கு எண்ணெய். (காஸ்ட்ரால் என்ற பெயரே அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.) மிகுந்த சூட்டிலும் பிடிப்பை விடாத எண்ணெய். ஆனால் கருகினால் வாணலி அடியில் பிடித்த பிசுக்கு மாதிரி மரையிடுக்கில் இறுகிவிடும். இது முதல் காரணம்.

இரண்டாவது, மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். எரிந்து மிஞ்சும் கசடுக்கும் அமிலத்தன்மை உண்டு. ஓட்டிவிட்டு அப்படியே வைத்தால் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும்.

மூன்றாவது, அதிர்வில் கழலாமல் இருக்க மரையில் தடவும் பசை. லாக்டைட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1953-ல் அதைத் தொடங்கியவர் வெர்னன் க்ரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர். ஊர்? அதே ஹார்ட்ஃபோர்ட்! ஆலன் ஸ்க்ரூவைக் கொடுத்த ஊரே அதைக் கழற்ற முடியாமல் செய்யும் பசையையும் கொடுத்தது.

எப்படி எடுப்பது?

எங்கள் குடியிருப்பில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். பையன் பத்தாம் வகுப்பு. யாரோ விற்றுவிட்டுப் போன நைட்ரோ காரை ஒரு வருஷப் பாக்கெட் மணியில் வாங்கினான். இன்ஜினின் பின்மூடியில் நான்கு ஸ்க்ரூ. மூன்று வந்துவிட்டது, நாலாவது வட்டமாகத் தேய்ந்திருந்தது. "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று அவன் அப்பா பழைய சாமான்காரனுக்குப் போடச் சொல்லிவிட்டார். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போசரியில் எங்கள் பேங்க் வாடிக்கையாளர் ஒருவரின் லேத் பட்டறைக்கு இருவரையும் அழைத்துப் போனேன். அங்கிருந்த வயதான மிஸ்திரி இன்ஜினைக் கையில் வாங்கி, ஐந்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையனையே உட்காரவைத்து, "ஜல்தி மத் கர்னா, பேட்டா" என்று ஆரம்பித்தார். அவர் சொன்ன வரிசையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது. சுலபமானதில் தொடங்கிக் கடினமானதுக்குப் போக வேண்டும். வரிசையைத் தாண்டக் கூடாது.

1. எரிபொருள் முழுவதையும் வடித்து, இன்ஜினைத் துடைத்துக் காயவிடுங்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே நெருப்பு ஜுவாலை எந்தக் கட்டத்திலும் வேண்டாம். கார்புரேட்டர் வாய், புகைவாய் இரண்டையும் துணியால் அடையுங்கள்.

2. பள்ளத்தில் உள்ள அழுக்கை ஊசியால் சுரண்டி எடுங்கள். முனை மழுங்காத புதிய 2.5 சாவியை (தட்டைத் தலை ஸ்க்ரூ என்றால் 2) லேசாகத் தட்டி இறக்கி, கீழ்நோக்கி அழுத்தம் கொடுத்து மெதுவாகத் திருகுங்கள். பாதி கேஸ் இங்கேயே முடிந்துவிடும். கூட்டல் குறித் தலை என்றால் ஜே.ஐ.எஸ். திருப்புளி.

3. வரவில்லையா, சூடு. இன்ஜின் கூடு அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 3 மில்லிமீட்டர் துளையில் 100 டிகிரி ஏற்றினால் கிடைக்கும் இடைவெளி சுமார் 3 மைக்ரான்தான். ஆனால் பிசுக்கின் பிடி விட அது போதும். ஹீட் கன்னால் கூட்டைச் சூடாக்கலாம். பசை போட்டிருந்தால் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிஷம் வையுங்கள், பசை இளகும். துரு நீக்கும் எண்ணெய் விடுவதாக இருந்தால் ஆறிய பிறகு விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். எண்ணெயோடு சூடாக்காதீர்கள்.

4. அடுத்தது டார்க்ஸ் பிட். 1967-ல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் கொண்டுவந்த ஆறு இதழ் நட்சத்திர வடிவம். தேய்ந்த 2.5 பள்ளத்தில் டி10, தேய்ந்த 2 பள்ளத்தில் டி8 பிட்டைச் சுத்தியால் தட்டி இறக்குங்கள். இதழ்கள் வட்டச் சுவரைக் கடித்துக்கொள்ளும். பையனின் ஸ்க்ரூ இந்தக் கட்டத்தில் "டக்" என்று விட்டது. தட்டியவன் அவன், திருகியவனும் அவன்.

5. தலை வெளியே நீட்டியிருந்தால் மெல்லிய கட்டிங் வீலால் குறுக்கே ஒரு கீறல் போட்டுத் தட்டைத் திருப்புளியால் திருகலாம். வயட் சகோதரர்கள் காலத்துக்கே திரும்பிப் போகிறோம்!

6. அதுவும் இல்லையென்றால் 3 மில்லிமீட்டர் டிரில்லால் தலையை மட்டும் எடுத்துவிடுங்கள். இறுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியில் உராய்வாகத்தான் போகிறது என்பது இன்ஜினியர்கள் கணக்கு. தலை போனதும் மூடி கையோடு வந்துவிடும். மிஞ்சி நிற்கும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகினால் பல சமயம் சிரமமில்லாமல் வரும். இரும்புத் தூள் உள்ளே விழுந்திருக்கும், மண்ணெண்ணெயில் நன்றாக அலசாமல் இன்ஜினை ஒரு சுற்றுகூடச் சுற்றாதீர்கள்.

7. "ஈஸி அவுட்" என்ற இடது மரைக் கருவி கடையில் கிடைக்கும். பெரிய போல்ட்டுக்கு நல்லது. 3 மில்லிமீட்டரில் அதுவே உள்ளே முறிந்துவிடும் அபாயம் உண்டு. முறிந்தால் அதை எந்த டிரில்லும் தொடாது.

8. அப்படி முறிந்தாலும் ஒரு வழி இருக்கிறது. டூல் ரூம்களில் ஸ்பார்க் மெஷின் இருக்கும். மின்பொறியால் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தெடுக்கும். சோவியத்தில் 1943-ல் போரிஸ், நட்டாலியா லாசரென்கோ தம்பதி இந்த முறையைக் கண்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் மூன்று பேர் தனியாக இதே வழிக்கு வந்தார்கள். எதற்காகத் தெரியுமா? அலுமினிய வார்ப்புகளுக்குள் முறிந்து மாட்டிக்கொண்ட டிரில்களை வெளியே எடுக்க. அதாவது இதே தலைவலிக்காக!

வெளியே வந்த பழைய ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீர்கள். தலையில் 12.9 என்று பொறித்த புதிய ஆலன் போல்ட் சில ரூபாய்தான். நான்கையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஓட்டி முடித்ததும் டாங்க்கில் மிச்சம் வைக்காமல், இன்ஜினுக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

வாடகை வீடு, ட்ரான்ஸ்ஃபர் என்று அலைகிற நமக்குக் கருவி சேர்த்து வைக்க இடமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 1.5, 2, 2.5, 3 மில்லிமீட்டர் ஆலன் சாவி நாலு, ஜே.ஐ.எஸ். திருப்புளி ஒன்று, டி8, டி10 பிட் இரண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு பென்சில் டப்பாவுக்குள் அடங்கிவிடும். அந்த டப்பாவைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அங்குலச் சாவியை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.